மைக் என் கைக்கு வருவதற்குள்

மைக்குக்கும் எனக்கும் நடுவில் இன்னும் மூன்று பேர். பேங்க்காரர் முடித்துவிட்டுக் கொடுத்தால் இரண்டு. ஆனால் அவர் முடிக்கிற மாதிரி தெரியவில்லை. மூன்றாவது கிலோமீட்டரில் அவருடைய இதயம் நிமிடத்துக்கு நூற்று ஐம்பத்திரண்டு தடவை துடித்ததாம், ஐந்தாவதில் நூற்று அறுபத்தொன்றாம், கைக்கடிகாரத்தைத் தூக்கித் தூக்கிக் காட்டுகிறார், இருபது அடி தள்ளி உட்கார்ந்திருக்கிறவர்களுக்கு அதில் என்ன தெரியும். இப்போது அதைக் கழற்றி என் கையில் கட்டினால் அவருடைய நூற்று அறுபத்தொன்று தோற்றுப்போகும். பேசுங்கள் சார், நன்றாகப் பேசுங்கள், பத்தாவது கிலோமீட்டர் வரைக்கும் ஒன்று விடாமல் சொல்லுங்கள், எனக்கு ஒரு அவசரமும் இல்லை. பள்ளிக்கூட மைதானத்து வேப்பமர நிழலில் வட்டமாக உட்கார்ந்திருக்கிறோம், எங்கள் ஓட்டக் குழுவில் முப்பது பேர், எல்லோர் கழுத்திலும் ஒரே மாதிரி மெடல், எல்லோர் மடியிலும் பாக்குமட்டைத் தட்டு, தட்டில் பொங்கல், சாம்பார், ஒரு வடை. கடற்காற்று வந்து வந்து போகிறது. வியர்வை காய்ந்த கையில் உப்புப் பூத்திருக்கிறது, நக்கிப் பார்த்தேன், நல்ல உப்பு. உப்பு விஷயத்தில் என் வார்த்தையை நம்பலாம், பதினெட்டு வருடமாக உப்புக் கம்பெனியின் பரிசோதனைக் கூடத்தில் உட்கார்ந்து அதைத்தானே கரைக்கிறேன், வடிக்கிறேன், எழுதி வைக்கிறேன். உப்புக்கு என்னிடம் கேட்க ஒன்றுமில்லை, எனக்கும் அதனிடம் சொல்ல ஒன்றுமில்லை, அப்படித்தான் இத்தனை வருடம் ஒத்துப்போனது. இந்த டாக்டர் ஹெப்சிபாதான், பல் டாக்டர், குழுவை நடத்துகிறவர், ஓடி முடித்தவர்களைப் பேசாமல் பொங்கல் சாப்பிட விடக்கூடாதா. "ஒவ்வொருத்தரும் பேரு, என்ன வேலை, இன்னைக்கு ஓட்டத்துல மறக்க முடியாத ஒரு விஷயம், மூணும் சொல்லணும். சுருக்கமா ரெண்டு நிமிஷம்!" என்று மைக்கை வட்டத்தில் விட்டுவிட்டார். ரெண்டு நிமிஷம். பேர் சொல்வதற்கே எனக்கு அது போதாது டாக்டர்.

எனக்குத் திக்கும். பாருங்கள், மனசுக்குள் சொல்லும்போது திக்கவில்லை. தமயந்தி. தமயந்தி. தூத்துக்குடி தமயந்தி. தக்காளி, தயிர், தண்ணீர், பால், பத்து ரூபாய்ச் சில்லறை. எவ்வளவு அழகாக ஓடுகிறது உள்ளே. வாய்க்கு வரும்போதுதான், த என்றால் நாக்கு முன்பல்லுக்குப் பின்னால் போய் ஒட்டிக்கொள்ளும், ப என்றால் உதடு இரண்டும் பூட்டிக்கொள்ளும், சாவி உள்ளே மாட்டிக்கொள்ளும். மற்ற எழுத்துக்கள் பரவாயில்லை, க நல்ல மனுஷி, ம அதைவிட நல்லவள், அ ஆ இ ஈ எல்லாம் சொந்தக்காரர்கள். அதனால் சுற்றிப் போவேன். வாக்கியம் தொடங்கும்போதே தூரத்தில் த நிற்பது தெரிந்துவிடும், சட்டென்று பக்கத்துச் சந்துக்குள் திரும்பிவிடுவேன். தண்ணீர் வேண்டுமென்றால் குடிக்க ஏதாவது கொடுங்கள் என்பேன், மோர் வரும், குடிப்பேன். காய்கறிக் கடையில் தக்காளி கேட்கப் போய் அந்த நாக்கு ஒட்டுகிற நேரத்தில் கடைக்காரர் முகத்தைப் பார்த்துவிட்டு, கத்தரிக்காய் என்று சொல்லி வாங்கிவந்த நாட்கள் எத்தனை. எனக்குக் கத்தரிக்காய் என்றால் உயிர் என்று வீட்டில் எல்லோரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். திருநெல்வேலியில் பஸ் ஏறினால் கண்டக்டரிடம் கடைசி ஸ்டாப்பிங் ஒண்ணு என்பேன், ஒருநாள் அந்த பஸ் திருச்செந்தூர் போகிற பஸ், அதற்கும் கடைசி ஸ்டாப்பிங் இருந்தது, கோயிலைப் பார்த்துவிட்டு வந்தேன். எல்லாவற்றுக்கும் சந்து உண்டு, பேருக்குக் கிடையாது. பேருக்கு வேறு சொல் எங்கே போய்த் தேட. ஏழாம் வகுப்பில் வருகைப் பதிவு எடுக்கும்போது ஒவ்வொருவரும் தன் பெயரைத் தானே சொல்ல வேண்டும் என்று ஒரு வாத்தியார் புது வழக்கம் கொண்டுவந்தார். என் முறை வரும், எழுந்து நிற்பேன், த் த் த், வகுப்பு சிரிக்கும், அவர் அடுத்த ஆளுக்குப் போய்விடுவார். அந்த வருடம் பதிவேட்டின்படி நான் அறுபத்தொரு நாள் பள்ளிக்கூடத்துக்கே போகவில்லை. இரண்டாவது பெஞ்சில், ஜன்னலோரம், அறுபத்தொரு நாளும் உட்கார்ந்திருந்தேன்.

கைதட்டுகிறார்கள். ஐயோ, பேங்க்காரர் முடித்துவிட்டார். மைக் முத்துக்கனியிடம் போகிறது, காலேஜில் படிக்கிற பெண், இன்றைக்குப் பெண்களில் முதலாவதாக வந்தவள், இவளாவது கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்வாள், ஜெயித்தவளுக்குச் சொல்ல நிறைய இருக்கும். "முத்துக்கனி, பி.காம் ரெண்டாம் வருஷம், கால் வலிச்சுது, மறக்க முடியாது" என்கிறாள். உட்கார்ந்துவிட்டாள். இவ்வளவுதானா. நாற்பத்தைந்து நிமிடத்தில் ஓடினவளுக்கு நாலே சொல்லா. லூர்து அண்ணன் வாங்கிவிட்டார், ஐஸ் கம்பெனிக்காரர், ஐம்பத்தாறு வயது, பெரிய தொந்தி, அதற்கு மேலே மெடல் படுத்திருக்கிறது. எனக்கு வலது பக்கம் அவர், அவருக்கு அடுத்து நான்தான். எழுந்து ஓடிவிடலாமா, கை கழுவப் போகிற மாதிரி, கால் பிடித்துக்கொண்ட மாதிரி, பிடித்துக்கொண்டது பொய்யும் இல்லையே. இல்லை. இன்றைக்குப் போகக்கூடாது. இன்றைக்கு என்னிடம் ஒன்று இருக்கிறது. எட்டாவது கிலோமீட்டரிலிருந்து அதை உடையாமல் கொண்டுவந்திருக்கிறேன், முட்டையைக் கையில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வருகிற மாதிரி. ஒரு ஜோக். நாற்பத்து மூன்று வயதில் முதன்முதலாக முப்பது பேருக்கு முன்னால் சொல்லப்போகிற ஜோக். என்னை எல்லோரும் அமைதியானவங்க என்பார்கள், சாதுவானவங்க, வாயில் விரலை வைத்தால் கடிக்கத் தெரியாதவங்க. எனக்குள் எவ்வளவு கேலி இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. கம்பெனி மேனேஜர் நடக்கிற நடையைப் பற்றி என்னிடம் ஏழு ஜோக் இருக்கிறது. என் நாத்தனார் போனில் அழுகிற விதத்தைப் பற்றி மூன்று. ஆனால் ஜோக்குக்கு நேரம் முக்கியம், ஒரு நொடி தள்ளினால் அது ஜோக் இல்லை, செய்தி. எல்லோரும் சிரித்து முடித்து வேறு பேச்சுக்குப் போன பிறகுதான் என் வாய் திறக்கும், அதற்குள் அது உள்ளேயே செத்திருக்கும். எத்தனை ஜோக்கை இப்படிப் புதைத்திருக்கிறேன், ஒரு இடுகாடே இருக்கிறது எனக்குள், அதுவும் சிரிப்பாகத்தான் இருக்கிறது நினைத்தால். லூர்து அண்ணன் சொல்லிக்கொண்டிருக்கிறார், நாலாவது கிலோமீட்டரில் முன்னால் போன பால்காரர் சைக்கிளைப் பார்த்துக்கொண்டே ஓடினாராம், பால்காரர் தெருவுக்குள் திரும்ப இவரும் திரும்பிவிட்டாராம், பால்காரர் வீட்டு வாசலில் நின்று யாரு வேணும் என்று கேட்ட பிறகுதான் தெரிந்ததாம். "ஆக நான் ஓடுனது பத்து இல்ல, பத்தே முக்கால். எனக்கு மெடல் இன்னும் கொஞ்சம் பெருசாத் தரணும்." எல்லோரும் சிரிக்கிறார்கள். எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டார். பத்தே முக்கால் என்று சொல்வதற்கு முன்னால் ஒரு இடைவெளி விட்டார், கவனித்தேன். அந்த இடைவெளிதான் ஆளைச் சிரிக்க வைக்கிறது.

ஆறாவது கிலோமீட்டரில், உப்பளத்துப் பாதை திரும்புகிற இடத்தில்தான் எனக்கு இடது கால் ஆடுதசை பிடித்துக்கொண்டது. அதற்குள் எல்லோரும் போய்விட்டார்கள். முன்னூற்றுப் பன்னிரண்டு பேரில் முன்னூற்றுப் பதினொரு பேர் முன்னால், முன்னால் என்றால் கண்ணுக்கே தெரியாத முன்னால். தண்ணீர் கொடுத்த பிள்ளைகள் மேசையை மடக்கி லாரியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். தரையில் உட்கார்ந்து காலை நீவினேன். அழுகை வருகிற மாதிரி இருந்தது, வரவில்லை. அப்போதுதான் பின்னால் அந்தச் சத்தம், மெதுவாக உறுமிக்கொண்டு ஒரு ஆம்புலன்ஸ், கடைசி ஆளுக்குப் பின்னால் வரவேண்டிய ஆம்புலன்ஸ், அதாவது எனக்குப் பின்னால். டிரைவர் பெரிய மீசைக்காரர், இசக்கிமுத்து என்று பிறகு அவரே சொன்னார், ஜன்னலில் தலையை நீட்டி, "அக்கா, ஏறிக்கிடுதியளா?" என்றார். தலையை ஆட்டினேன், மாட்டேன் என்று. எழுந்து நடந்தேன், பிறகு ஓட்டம் மாதிரி ஒன்று. அரைக் கிலோமீட்டருக்கு ஒருதரம் அவர் கேட்டார், நான் தலையை ஆட்டினேன். ஏழாவதில் கேட்பதை விட்டுவிட்டு மகளுக்குக் காதுகுத்து வைத்திருப்பதைச் சொல்ல ஆரம்பித்தார், தாய்மாமன் கோபித்துக்கொண்டு வரமாட்டேன் என்கிறானாம், என்ன செய்ய என்று என்னையே கேட்டு அவரே பதிலும் சொல்லிக்கொண்டார். எனக்கு அது பிடித்திருந்தது. யாரும் என்னிடம் அப்படி, பதில் வேண்டாமல், பக்கத்தில் வந்துகொண்டே பேசினதில்லை. இரண்டு பக்கமும் உப்புக் குவியல், வெயில் பட்டுக் கண் கூசுகிறது, தூரத்துப் பாத்தியில் பூநாரைகள் ஒற்றைக் காலில் நிற்கின்றன, அவற்றுக்கும் ஆடுதசை பிடித்திருக்குமோ. ரோடு முழுக்கக் காலி. எட்டாவது கிலோமீட்டர் பலகை வந்தது. முன்னால் ஒரு ஈ காக்கை இல்லாத ரோடு, நடுவில் நான், பின்னால் தலையில் விளக்குச் சுற்ற ஒரு வண்டி. அப்போது அது வந்தது. எங்கிருந்தோ, முழுசாக, ஒரு சொல் கூடக் குறையாமல் வந்தது. சத்தமாகச் சிரித்துவிட்டேன். "என்னக்கா, தனியாச் சிரிக்கிய, மயக்கம் ஏதும் வருதா?" என்று இசக்கிமுத்து வண்டியை நிறுத்தியேவிட்டார். நான் கையை ஆட்டினேன், வா வா என்று. அவரிடம் சொல்லியிருக்கலாம். என்ஜின் சத்தம், மூச்சு வாங்கல், அதோடு அந்த ப. அந்த ஜோக்கின் உயிரே ஒரு 'ப'வில் இருக்கிறது. பந்தோபஸ்து. அதற்குக் காவல் என்று போட்டுப் பார்த்தேன், செத்துவிட்டது. செக்யூரிட்டி, அது ஏதோ பேங்க் வாசல். பாதுகாப்பு, அதிலும் ப, சிரிப்பும் இல்லை. ஒன்பதாவது கிலோமீட்டர் முழுக்கச் சந்து தேடிக்கொண்டே ஓடினேன், சந்தே இல்லை, பந்தோபஸ்து வழியாகத்தான் போயாக வேண்டும். அதைத் தேடின தேடலில் கால் வலி மறந்துவிட்டது என்பதும் உண்மை.

என் பயம் ப கூட இல்லை. என் பயம் அங்கே, சைக்கிள் நிறுத்துகிற தகரக் கொட்டகைக்குப் பக்கத்தில், என் செருப்பையும் துண்டையும் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறது. ஐகோர்ட்துரை. என் வீட்டுக்காரர், துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர். காலையில் ஐந்து மணிக்கு என்னைக் கொண்டுவந்து விட்டவர் வீட்டுக்குப் போகவே இல்லை, நான் ஓடின ஒரு மணி ஐம்பத்திரண்டு நிமிடமும் வெயிலில் நின்றிருக்கிறார், நான் வந்ததும் மெடலை விட்டுவிட்டு முதலில் என் காலைப் பார்த்தார். நல்லவர், அவரைவிட நல்லவர் எனக்குக் கிடைத்திருக்க மாட்டார், அதனால்தான் இதை யாரிடமும் சொல்ல முடியவில்லை, அவரிடம் கூட. பெண் பார்க்க வந்தபோது என் பேரை அத்தை சொன்னாள், கல்யாணம் ஆன மூன்றாம் நாள் நானே சொல்ல முயன்றேன், இவர் கண்ணில் நீர் வந்துவிட்டது, அன்றைக்கு இவர் மனசுக்குள் என்னவோ சத்தியம் செய்திருக்க வேண்டும். இனி இவள் கஷ்டப்படக் கூடாது என்று. கிரேனுக்குக் கீழே நிற்கிறவன் கையைப் பாதி தூக்கும்போதே மேலே இவருக்குப் புரிந்துவிடுமாம், சத்தம் கேட்காத வேலை அது. வீட்டிலும் அப்படித்தான். நான் த் என்றால் தயிரா என்பார், ப் என்றால் பாலா என்பார், பத்துக்கு ஒன்பது சரியாக இருக்கும். டாக்டரிடம் என் வலியை இவர் சொல்வார், தையல்காரரிடம் என் கழுத்து அளவை இவர் சொல்வார், மகன் பள்ளிக்கூடத்து மீட்டிங்கில் இவர் பேசிவிட்டு, அவ சொல்ல வந்தது இதுதான் என்று முடிப்பார். இருபது வருடத்தில் என் வாக்கியங்களின் பின்பாதி எல்லாம் இவருடையதாகிவிட்டது. முன்பாதியை நான் கொடுப்பேன், இவர் முடித்து வைப்பார், அன்பாக, அவசரமாக. ஓட வந்ததே அதனால்தானோ என்னவோ. ஓட்டத்தைப் பாதியில் வாங்கி வேறொருவர் முடித்துக் கொடுக்க முடியாதே. அதோ இங்கே பார்க்கிறார். மைக் நெருங்குவது அவருக்கும் தெரிந்துவிட்டது. துண்டைத் தோளில் போடுகிறார். வருகிறார். வராதீங்க. தயவுசெய்து அங்கேயே நில்லுங்க.

லூர்து அண்ணன் மைக்கை நீட்டினார். கையில் வாங்கினேன், வியர்வையில் வழுக்கியது. முப்பது முகம் என்னைப் பார்த்தது. எழுந்து நின்றேன். "என் பேரு," என்றேன், அது வந்துவிட்டது, பிறகு நாக்கு போய்ப் பல்லுக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டது. த். த். மைக் அதை மைதானம் முழுக்கக் கொண்டுபோனது, ஏழாம் வகுப்பில் மைக் இல்லை, அந்த அளவுக்கு அது தேவலை. த். யாரோ இருமினார்கள். பேங்க்காரர் தட்டைக் குனிந்து பார்த்தார். வட்டத்துக்கு வெளியிலிருந்து அந்தக் குரல் வந்தது, எனக்குத் தெரியும் வரும் என்று. "தமயந்திங்க! இவ பேரு தமயந்தி." வந்துவிட்டார், வட்டத்தின் விளிம்பில், செருப்பும் கையுமாக. எல்லோரும் நிம்மதியாகத் தலையை ஆட்டினார்கள், ஹெப்சிபா கூட. போயிற்று, பேர் போயிற்று, போகட்டும், அது இவருக்குத் தெரிந்த பேர். "உப்புக் கம்பெனியில வேலை," என்றேன், அது தடங்கலில்லாமல் வந்தது. "இன்னைக்கு மறக்க முடியாத விஷயம் என்னன்னா," என்றேன். இவர் வாயைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தார். "நீங்க எல்லாரும் சும்மா ஓடுனீங்க." சிலர் நிமிர்ந்தார்கள். "கலெக்டர் மாதிரி ஓடுனது நான் ஒருத்திதான். எனக்கு முன்னால ரோடு முழுக்கக் காலி. எனக்குப் பின்னால ஆம்புலன்ஸ்." 'எனக்கு'வின் முதுகில் ஏற்றிவிட்டதால் 'பின்னால' நழுவி வந்துவிட்டது. லூர்து அண்ணன் கண்ணில் ஏதோ வெளிச்சம் வந்தது. இனி ஒரே சொல். உதடு பூட்டிக்கொண்டது. ப். ப்.

"பயமா இருந்துச்சா?" என்றார் இவர். இல்லை என்று தலையை ஆட்டினேன். ப். "பசியா?" இல்லை. "படபடன்னு வந்துச்சா? ஏட்டி, படபடப்பா?" இல்லை, இல்லை. இவர் முகத்தைப் பார்த்தேன். குழம்பிப்போய் நின்றார். அந்த முகத்தை நான் பார்த்ததே இல்லை. இருபது வருடத்தில் முதல் தடவையாக இவருக்கு அது தெரியவில்லை. நான் என்ன சொல்லப்போகிறேன் என்று இந்த மைதானத்தில் யாருக்குமே தெரியவில்லை, எனக்கு மட்டும்தான் தெரியும், அது என்னிடம் இருக்கிறது, முழுசாக, பின்பாதியோடு. முத்துக்கனி, "பஞ்சரா?" என்றாள். ஹெப்சிபா ஏதோ சொல்லப்போனார். நான் மைக் இல்லாத கையை நீட்டி உள்ளங்கையைக் காட்டினேன். பொறுங்கள். இவர் அப்படியே நின்றார். வாயை மூடிக்கொண்டார். மூடிக்கொள்வதற்கு அவர் பட்ட பாடு எனக்குத் தெரிந்தது, துண்டை இறுக்கிப் பிடித்தார், தாடை அசைந்தது, ஆனால் மூடிக்கொண்டார். யாரும் இருமவில்லை. பேங்க்காரர் தட்டிலிருந்து கண்ணை எடுத்துவிட்டார். முப்பது பேரும் முன்னால் சாய்ந்திருந்தார்கள், ஸ்பூன்கள் காற்றில் நின்றன, வேப்பிலை ஒன்று சுற்றிச் சுற்றி விழுந்தது. ப். லூர்து அண்ணன் விட்ட இடைவெளி ஒரு நொடிதான், என்னுடையது அரை நிமிடம், முக்கால் நிமிடம், வெட்கமே வரவில்லை, இழுக்க இழுக்க அவர்கள் இன்னும் கிட்டே வந்தார்கள், நேரம் என்று நான் பயந்துகொண்டிருந்தது இதுதானா, இது என் கையில்தான் இருந்திருக்கிறதா. ப், ப், உதடு விட்டது. "பந்தோபஸ்து!"

முதலில் லூர்து அண்ணன் தொடையில் அடித்தார், தட்டு கவிழ்ந்தது. பிறகு எல்லோரும். முத்துக்கனி பக்கத்துப் பெண்ணின் மேல் சாய்ந்து சிரித்தாள், பேங்க்காரர் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்தார், ஹெப்சிபா பல் டாக்டர் என்பதையே மறந்து அத்தனை பல்லும் தெரியச் சிரித்தார். வாசலில் சாம்பார் வாளிக்குப் பக்கத்தில் நின்ற இசக்கிமுத்து, "ஆமா, அந்தப் பந்தோபஸ்து நாந்தான்! நாந்தான்!" என்று கையைத் தூக்கினார், அதற்கு இன்னொரு சிரிப்பு. நான் இவரைத் தேடினேன். இவர் கடைசியாகச் சிரித்தார். முதலில் என்னைப் பார்த்தபடி நின்றார், பிறகு அது அவருக்குள் போய்ச் சேர்ந்தது, தோள் குலுங்கியது, செருப்பு கையிலிருந்து விழுந்தது, ஓ என்று சத்தமாக, குனிந்து முழங்காலைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். என் வீட்டுக்காரர் நான் சொன்ன ஒன்றுக்குச் சிரிக்கிறார். அவருக்குத் தெரியாத ஒன்றுக்கு. சிரித்து முடித்து நிமிர்ந்து, "இவ்வளவு நாளும் இதெல்லாம் எங்கட்டி வச்சிருந்த?" என்றார். கேட்டுவிட்டு, பதிலை அவரே சொல்லவில்லை.

ஹெப்சிபா எழுந்து வந்து மைக்குக்குக் கையை நீட்டினார், கண்ணில் இன்னும் ஈரம். "சூப்பர் தமயந்தி, சூப்பர். அடுத்து யாரு?" என்றார். கையை நீட்டியபடி நின்றார். நான் மைக்கைக் கொடுக்கவில்லை. கொடுக்கத்தான் நினைத்தேன், கை கொடுக்கவில்லை. "டாக்டர், இன்னொண்ணு இருக்கு," என்றேன். நான் ஓடி வந்து சேர்ந்தபோது முடிவுக் கோட்டில் நின்ற காற்றடைத்த வளைவைப் பாதி கழற்றிவிட்டார்கள், காற்றுப் போன அதை இரண்டு பேர் ஆளுக்கொரு பக்கம் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்து, நான் குனிந்து நுழைந்து வந்தேனே, அதைச் சொல்ல வேண்டும், அதில் த மூன்று வருகிறது, ப இரண்டு, சந்து தேடவில்லை. ஹெப்சிபா தன் இடத்தில் போய் உட்கார்ந்தார். இவர் விழுந்த செருப்பை எடுத்துப் பக்கத்தில் வைத்துவிட்டு, லூர்து அண்ணன் நகர்ந்து கொடுத்த இடத்தில், மண்ணில், சம்மணம் போட்டு உட்கார்ந்தார். "நான் வந்து சேரும்போது," என்று தொடங்கினேன். நாக்கு போய் ஒட்டிக்கொண்டது. யாரும் எதையும் சொல்லிக் கொடுக்கவில்லை.